என் அறைக்கு வராத பிள்ளைகள்

பள்ளிக்கூடங்களுக்கு நர்ஸாகப் போகவிருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பொறாமைக்காரி. வேலையில் இருந்த காலத்தில் இதை ஒப்புக்கொண்டதில்லை. அப்போது அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தேன். சில சமயம் பொறுப்பு என்றும், ரொம்பவும் எரிந்தால் சுகாதாரம் என்றும் சொல்லிக்கொள்வேன். ஓய்வு பெற்று வந்த பிறகு அந்தச் சொற்கள் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

எடை பார்ப்பது, கண் பார்ப்பது, தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் சொல்லப்போவது அதில் வராது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் ஒரு பெண்ணின் உயிர் போக இருந்தது. அவளைக் கவனிக்க வேண்டிய நர்ஸ் நான். கவனித்தது வேறு ஒருத்தி.

என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் குடும்பம் தமிழ்க் குடும்பம், நான் பிறந்து வளர்ந்தது கொச்சியில். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை அப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்தார். எங்களுக்குச் சலவைத் தொழில். அம்மா ஊரார் வீட்டுத் துணிகளை வெளுத்தாள், பெண்களின் தீட்டுத் துணி உட்பட. அதை மட்டும் தனி மூட்டையாகக் கட்டி வாசலுக்கு வெளியே போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அம்மா குனிந்து எடுக்கும்போது நான் தெருவின் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். நர்ஸ் உடுப்பு போட்ட அன்று, இனி என் கை அந்த மூட்டையைத் தொடாது என்று நினைத்தேன். நான் செய்ததற்கு இதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பாதி பொய்யாகிவிடும்.

பள்ளிகளில் நாப்கின் இலவசமாகக் கொடுக்கும் திட்டம் வந்தபோது, என் பள்ளிகளில் அதன் பொறுப்பு என்னிடம் வந்தது. மட்டாஞ்சேரிப் பள்ளிக்குத் திங்களும் வியாழனும் போவேன். மற்ற நாட்களில் இடக்கொச்சி, அதைச் சுற்றியுள்ள பள்ளிகள். மட்டாஞ்சேரியில் சுகாதார அறையை நான் அழகாக வைத்திருந்தேன். ஓர் இரும்பு அலமாரி, சுவரில் படங்கள், ஜன்னலுக்குத் திரை. எட்டாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பிரிவுக்கும் போய்ப் படம் போட்டுக் காட்டிப் பேசினேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, தேவைப்பட்டால் என் அறைக்கு வாருங்கள் என்றேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அறைக்கு வரவில்லை.

நான் இல்லாத நாட்களில் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பத்துப் பாக்கெட்டை அங்கே துப்புரவு வேலை பார்த்த பெண்ணிடம் கொடுத்து வைத்தேன். பிள்ளைகள் அவளை இத்தா என்று கூப்பிடுவார்கள். அக்கா என்று நாம் சொல்வதுபோல் அங்குள்ள முஸ்லிம் வீடுகளில் சொல்வது அது. நானும் இத்தா என்றேதான் கூப்பிட்டேன். என் வயதுதான் இருக்கும். பகுதிநேர வேலை, தற்காலிகம். கழிப்பறைக்குப் பக்கத்தில் துடைப்பமும் வாளியும் வைக்கும் ஒரு சின்ன அறை உண்டு. பாக்கெட்டுகளைப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு அங்கே வைத்துக்கொண்டாள்.

மறு வாரம் போனபோது டப்பா காலி. இன்னும் இருபது கொடுத்தேன். அதுவும் காலி. என் அலமாரியில் அடுக்கியது அடுக்கியபடி இருந்தது.

ஒரு திங்கட்கிழமை இடைவேளையில் அந்தப் பக்கம் போனேன். துடைப்ப அறை வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். உள்ளே ஒருத்தி கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள், இத்தா அவள் இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். எதற்கோ எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "குட் மார்னிங் சிஸ்டர்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள். அந்த 'குட் மார்னிங்' எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று இன்றும் காட்ட முடியும்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். கௌசல்யாவைத்தான் தாங்க முடியவில்லை.

கௌசல்யா ஒன்பதாம் வகுப்பு. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா கொத்தனார், அம்மாவுக்கு இடக்கொச்சியில் இறால் உரிக்கும் வேலை. பள்ளியில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, மலையாளம் தட்டுத்தடுமாறித்தான் வரும். முதல் நாளே அவளைக் கூப்பிட்டு, நானும் தமிழ்தான், எது வேண்டுமானாலும் தமிழிலேயே சொல்லலாம் என்று சொல்லியிருந்தேன். அவள் தலையாட்டினாள். பிறகு நேராக இத்தாவிடம் போனாள். இத்தாவுக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். என் மொழிப் பிள்ளை, என் அறையைத் தாண்டி, பாஷை தெரியாத ஒருத்தியிடம் போகிறாள். என்னிடம் என்ன குறை என்று ராத்திரி படுக்கையில் கணவரிடம் கேட்டேன். அவர் ஒன்றும் குறையில்லை என்றார், அதுவும் எனக்குப் போதவில்லை.

அதன்பின் நான் கௌசல்யாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். நர்ஸ் கவனிப்பதுபோல் அல்ல. திங்கள் காலையில் ஒரு பாக்கெட் வாங்கிப் பைக்குள் வைத்தாள். அன்று மாலையே இன்னொன்று. வியாழக்கிழமை மறுபடி. ஒரே பிள்ளைக்கு இத்தனையா? ஒரு நர்ஸுக்கு அந்தக் கணக்கு வேறு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போயிருந்ததும், மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதும் என் கண்ணில் பட்டன. பட்டது மனதில் ஏறவில்லை. இத்தா தனக்கு வேண்டிய பிள்ளைக்கு அள்ளிக்கொடுக்கிறாள், அது வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்ற வேண்டியிருந்தது.

அன்று வியாழக்கிழமை வராந்தாவில் இத்தா என்னை நிறுத்தினாள். கையில் வாளி.

"சிஸ்டரே, அந்தத் தமிழ்க் குட்டியோட காரியம் ஒண்ணு பறயணும்."

வகுப்பு இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். எனக்கு அன்று வகுப்பு எதுவும் இல்லை.

மதியம் மறுபடி வந்தாள். கால் ஈரமாக இருந்ததால் அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள். நான் எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலையை எடுக்காமல், பாக்கெட் விஷயமென்றால் தலைமையாசிரியையிடம் பேசிக்கொள்ளச் சொன்னேன். அவள் போய்விட்டாள். நான் எழுதிக்கொண்டிருந்தது அவள் மேல் புகார்.

தலைமையாசிரியை நல்லவர், களைத்துப்போனவர். என் புகாரைப் படித்துவிட்டு, வேண்டுமா சிஸ்டர் என்று கேட்டார். சுகாதாரமான பொருளைத் துடைப்பங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள், ஒரு பிள்ளைக்கே வாரிக் கொடுக்கிறார்கள், வெளியே போகிறதோ என்று சந்தேகம் இருக்கிறது என்றேன். இனி நாப்கின் சுகாதார அறையில் மட்டும், நான் வரும் நாட்களில் மட்டும் என்று முடிவானது. மற்ற நாட்களில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று அவர் கேட்டார். அவரவர் தேதி அவரவருக்குத் தெரியும், முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளட்டும் என்றேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பெண்களுக்கு நர்ஸாக இருந்தவள் சொன்ன பதில் அது.

இத்தாவிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். தற்காலிக வேலைக்காரிக்கு அப்படி ஒரு காகிதம் வந்தால் அடுத்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அன்று மாலையே அவள் டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். உள்ளே மூன்று பாக்கெட் இருந்தது. அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அந்தக் குட்டியைக் கொஞ்சம் நோக்கிக்கோ சிஸ்டரே" என்று மட்டும் சொன்னாள். நான் அலமாரியைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

திங்கட்கிழமை கௌசல்யா என் அறைக்கு வரவில்லை. வராமல் எங்கே போவாள் என்று நானும் கூப்பிடவில்லை.

புதன்கிழமை இடக்கொச்சிப் பள்ளியில் இருந்தேன். பதினோரு மணி வாக்கில் தலைமையாசிரியை போனில் கூப்பிட்டார். கௌசல்யா கழிப்பறையில் மயங்கி விழுந்துவிட்டாள், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருப்பாள் போலிருக்கிறது, படுக்க வைத்துக் குளுக்கோஸ் கொடுக்கலாமா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இத்தாவின் குரல் கேட்டது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், இப்போதே போக வேண்டும் என்று அவள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யாரும் எங்கயும் கொண்டுபோக வேண்டாம், டீச்சர்," என்றேன். "நான் இப்பவே வந்துடறேன். நான் பாத்துட்டுச் சொல்றேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். போனில் எனக்கு அந்தப் பெண்ணின் நாடி தெரியாது, ரத்த அழுத்தம் தெரியாது, எங்கே விழுந்தாள் என்பது மட்டும் தெரியும். அவளைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி ஆசுபத்திரி என்கிறாள். அந்தக் குரல் வேறு யாருடையதாக இருந்திருந்தாலும் உடனே கொண்டுபோங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தக் குரலாக இருந்ததால்தான் வேண்டாம் என்றேன். உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் பெரும்பங்கு இந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

ஆட்டோ பிடித்தேன். தோப்பும்படி வரைக்கும் பரவாயில்லை, அப்புறம் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது சுகாதார அறை பூட்டிக் கிடந்தது, பூட்டிப் போனவள் நான்தானே. அலுவலகத்தில் இருந்த கிளார்க், இத்தா அப்போதே பிள்ளையைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்விட்டதாகவும், தலைமையாசிரியையும் பின்னாலேயே போய்விட்டதாகவும் சொன்னார். என் பேச்சை மீறிவிட்டாள் என்றுதான் எனக்கு முதலில் வந்தது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்க அதற்கப்புறம்தான் தோன்றியது.

ஆசுபத்திரிக்குக் கிளம்புவதற்கு முன் கழிப்பறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள், மூலைகளில் தண்ணீர் இன்னும் சிவப்பாக நின்றது. குப்பைக் கூடையின் மூடியைத் திறந்தேன். அந்தப் பள்ளியில் அத்தனை வருடத்தில் அதை நான் திறந்தது அன்றுதான். மேலாக, சீருடையின் வெள்ளைக் காலுறை இரண்டு, நீளவாக்கில் மடித்து, ஊறிப்போய்க் கிடந்தன. அதற்குக் கீழே கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள்கள்.

மூடியைப் போட்டுவிட்டு வெளியே வந்து ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

அரசு ஆசுபத்திரியில் அவளுக்கு ரத்தம் ஏற்ற ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. உடம்பில் இருக்க வேண்டிய ரத்தச் சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. கண்ணைத் திறப்பாள், மூடுவாள். டியூட்டியில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். என் உடுப்பைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். எத்தனை நாளாக உதிரம் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை மாற்றுகிறாள், கட்டி கட்டியாகப் போகிறதா, இதற்கு முன்னும் இப்படி ஆனதுண்டா என்று வரிசையாகக் கேட்டார். அதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

கட்டிலின் மறுபக்கத்திலிருந்து இத்தா பதில் சொன்னாள். பத்தொன்பது நாள். முதல் வாரம் சாதாரணம், பிறகு ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. கட்டி உண்டு, இவ்வளவு பெரிது என்று கட்டைவிரலைக் காட்டினாள். போன மாதமும் பத்து நாளுக்கு மேல் போனது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருவதாகப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, இவ்வளவு எப்படித் தெரியும், நீங்கள் அம்மாவா என்று கேட்டார்.

"அல்ல டாக்டரே. அந்தக் கூடையை எடுத்துக் கொட்டறது ஞான்தானே."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். பள்ளி நர்ஸுக்கு இது தெரியாதா என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. தலைமையாசிரியை என் முகத்தைப் பார்த்தார். நான் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவேன் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. பிள்ளை என்னிடம் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மை. இரண்டும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன.

"இவங்க என்கிட்ட ரெண்டு தடவை சொல்ல வந்தாங்க, டாக்டர். நான் கேக்கல," என்றேன். அவசரத்தில் தமிழில் சொல்லிவிட்டேன், பிறகு மலையாளத்திலும் சொன்னேன். சொல்லித் தீர்ந்ததும் இன்னொன்றும் சொன்னேன். இன்று காலையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றது நான்தான் என்று.

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். நீங்கள் வரும்வரை அந்த அரை மணி நேரம் காத்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு நோயாளியிடம் போனார்.

கௌசல்யாவின் அம்மா இறால் கம்பெனியிலிருந்து அப்படியே ஓடி வந்தாள். ஐஸில் ஊறிய விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. காலை ஐந்து மணிக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறவள், பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் தமிழை டாக்டருக்கும், டாக்டரின் மலையாளத்தை அவளுக்கும் நான்தான் சொன்னேன். அன்று என்னால் ஆன உபகாரம் அதுதான். இத்தாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் என்பதையும் நானே சொன்னேன். அந்த அம்மா இத்தாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இவ்வளவுக்குப் பிறகும், அந்தக் கைகளைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. திருந்திவிட்டேன் என்று உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ரத்தம் உறைவதில் பிறவியிலேயே இருந்த ஒரு குறை என்று பிறகு கண்டுபிடித்தார்கள். மாத்திரையில் கட்டுக்குள் வைக்கக்கூடியதுதான். தெரியாமல் விட்டால்தான் ஆபத்து.

அடுத்த நாள் தலைமையாசிரியையிடம் போய் என் புகார் தவறு என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் எனக்காகவே, எழுதுவதெல்லாம் எதற்கு, அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றார். கிழித்துப் போட்டால் இத்தாவின் பெயரில் ஒரு சந்தேகம் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்து எழுதினேன். பொறாமையால் என்ற சொல்லையும் எழுதினேன். அதைத் தலைமையாசிரியை அடிக்கச் சொன்னார், மேலே போகும் காகிதத்தில் அப்படியெல்லாம் எழுதக் கூடாது என்றார். போதிய விசாரணை இன்றி என்று மாற்றினேன். அது எனக்குச் சலுகைதான். அதனால்தான் சரியான சொல்லை இங்கே எழுதுகிறேன்.

இத்தாவிடம் மன்னிப்புக் கேட்கத் துடைப்ப அறைக்குப் போனேன். கேட்டேன். அவள் பெரிதுபடுத்தவில்லை, ஆனால் விட்டுவிடவும் இல்லை. "எனக்கு வேதனையாயி சிஸ்டரே," என்றாள். "கள்ளி என்னு ஆரும் என்னைப் பறஞ்சதில்ல." திருடி என்ற பெயரை அவளுக்கு முதலில் வாங்கிக்கொடுத்தவள் நான். பிறகு அவளே, கழிப்பறைக்குப் பக்கத்தில் ஈரம் படாத ஓர் அலமாரி வேண்டும், பூட்டு வேண்டாம், கூடை இரண்டு வேண்டும் என்றாள். ஒரு வாரத்தில் வாங்கிக் கொடுத்தேன். யார் எத்தனை எடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை என்று வைத்தோம். எந்தப் பிள்ளையாவது அடிக்கடி எடுத்தால் இத்தா என் காதில் போடுவாள், நான் அந்தப் பிள்ளையின் நகமும் கண்ணும் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். அப்படி அதற்குப் பிறகு நான்கு பிள்ளைகளை ஆசுபத்திரிக்கு அனுப்பினேன்.

கௌசல்யா ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். மாத்திரை விவரம் பேச அவளை என் அறைக்குக் கூப்பிட்டேன். பேசி முடிந்ததும் கேட்காமல் இருக்க முடியவில்லை. உன்னோடு தமிழில் பேச ஒரே ஆள் நான்தானே, என்னிடம் ஏன் வரவில்லை என்றேன். நான் ஏதோ கடுமையாக நடந்துகொண்டேன் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க தமிழ்ங்கிறதாலதான் சிஸ்டர் வரல. எங்க வீட்ல இதுக்குத் தீட்டுன்னுதான் சொல்வாங்க. தமிழ்ல எனக்கு வேற வார்த்தை தெரியாது. அத உங்ககிட்ட எப்படிச் சொல்ல? இத்தாகிட்ட 'டேட் ஆயி'ன்னா போதும். அது வேற யாருக்கோ நடக்கற மாதிரி இருக்கும்."

வாசலில் கிடந்த மூட்டையைப் பார்க்காமல் திரும்பி நின்ற ஒருத்திக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியாமல் இல்லை. தெரிந்தும், என் தமிழை அந்தப் பிள்ளைக்கு நான் கொடுக்கும் பரிசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நீ மலையாளத்துலயே சொல்லு," என்றேன்.

நானும் மலையாளத்திலேயே கேட்டேன். போன முறை எப்போது ஆயிற்று, எத்தனை நாள் இருந்தது, வலி எங்கே. அவள் தப்பும் தவறுமான மலையாளத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்த தமிழை வாய்க்குள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு கேட்டேன், ஒரு வார்த்தையையும் திருத்தவில்லை. பத்து நிமிடம் பேசினாள். அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளை என் அறையில் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

மணி அடித்ததும் எழுந்து போனாள். வகுப்புக்குப் போகும் வழியில் இத்தா துடைத்துக்கொண்டிருந்த வராந்தாவில் நின்று, அவள் தோளில் கை போட்டு எதையோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.